51 சதவீதம்

"பணம் முழுக்க நான் போடுகிறேன், டாக்டர். நீங்கள் பேர் கொடுத்தால் போதும்." அவர் பிசிஷியன் அசிஸ்டென்ட், அதாவது டாக்டர் அல்ல, ஆனால் அதற்கென்று படித்து லைசென்ஸ் வாங்கி நோயாளி பார்க்கிறவர். கிளினிக்கை நடத்திய பெரியவர் ஓய்வு பெறுகிறார், வருகிற நோயாளிகளில் பாதிப் பேருக்கு மேல் இவர் முகத்துக்காக வருகிறவர்கள். ஆனால் கலிஃபோர்னியா சட்டப்படி மருத்துவக் கார்ப்பரேஷனில் டாக்டர் அல்லாதவர்கள் எல்லோரும் சேர்ந்தாலும் 49 சதவீதப் பங்குக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. மீதி 51-க்கு ஒரு டாக்டர் வேண்டும். அதற்குத்தான் நான்.

முடியாது என்றேன். ஊரில் எம்.பி.பி.எஸ்., இங்கே வந்து மறுபடி ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி, அப்புறம்தான் கிடைத்த லைசென்ஸ் இது. நான் எட்டிப் பார்க்காத இடத்தில் பில்லிங்கில் ஏதாவது கோளாறு என்றால் லைசென்ஸ் தருகிற மெடிக்கல் போர்டு என்னைத்தானே கூப்பிடும்? இதில் பயப்பட நியாயம் இருக்கிறது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அப்போது அவர் கேட்டதுதான் உறுத்துகிறது. "நிர்வாகக் கம்பெனி ஒன்று தொடங்கி இடம், ஆட்கள், பில்லிங் எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொள்ள மருத்துவமே படிக்காத முதலீட்டாளருக்கு முடிகிறது. தினமும் நோயாளி பார்க்கிற எனக்குக் கிளினிக்கைச் சொந்தமாக வைத்துக்கொள்ள முடியாதா?" அது வேறு சட்டம் என்றேன். வேறு சட்டம்தான். ஆனால் அது பதிலா?

மருத்துவ முடிவில் பணக்காரன் கை நுழையக்கூடாது என்பதற்காக வந்ததுதான் இந்த 51 சதவீத விதி. கடைசியில் அந்தக் கிளினிக் அப்படி ஒரு நிர்வாகக் கம்பெனியிடம்தான் போனது, காகிதத்தில் உரிமையாளராக எங்கோ இருக்கும் ஒரு டாக்டரோடு. என்னிடம் கேட்ட அந்த அசிஸ்டென்ட் அங்கேயே சம்பளத்துக்கு இருக்கிறார்.

என் வேலையிடத்திலும் பிசிஷியன் அசிஸ்டென்ட்கள் உண்டு. 2020-இல் அமலான சட்டத்துக்குப் பிறகு, டாக்டரோடு செய்துகொள்ளும் பணி ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படி, நான் பக்கத்தில் நிற்காமலே மருந்து எழுதுகிறார்கள். வைத்தியத்தில் நம்புகிறேன், பங்கில் நம்பவில்லை, அப்படியா? இல்லை, அவர் கேட்டது நம்பிக்கையை அல்ல, பினாமியை. இப்படிச் சொல்லிக்கொண்டால் கொஞ்சம் நிம்மதி. ஆனால் அவரைப் பினாமி தேட வைத்ததே அந்த விதிதானே. கூடுதலாகப் படித்து வைத்தியம் பார்க்கிற நர்ஸ்களான நர்ஸ் பிராக்டிஷனர்களில் அனுபவமுள்ளவர்கள் டாக்டர் மேற்பார்வை இல்லாமல் வேலை பார்க்க 2020-இல் கையெழுத்தான இன்னொரு சட்டம் வழி திறந்துவிட்டது, பிசிஷியன் அசிஸ்டென்ட்களுக்கு இல்லை.

வாரம் ஒரு நாள் நானும் வருகிறேன், அப்படியென்றால் சரி என்று சொல்லியிருக்கலாமே என்று மனைவி கேட்டார். என் வேலை ஒப்பந்தம் விடாது என்றேன். உண்மையிலேயே விடாதா என்பது வேறு விஷயம்.