மாணிக்கமா, ஸ்பினலா? ரத்தினவியல் செய்முறைத் தேர்வு எழுதப்போகிறவர்களுக்கு

ரிசல்ட் வந்துவிட்டது. பாஸ். மெரிட் எல்லாம் இல்லை, அதைப் பற்றிக் கவலையும் இல்லை. இனி கோலாலம்பூருக்கு ராத்திரி பஸ் ஏற வேண்டாம், அது போதும். பாடாங் செராய் மாதிரி ஊரில் இருந்துகொண்டு ரத்தினவியல் படிக்கிறேன் என்றால் “ராசிக்கல் பார்க்கப் போறியா?” என்றுதான் கேட்பார்கள். கேட்கட்டும்.

தியரித் தாளுக்கு நோட்ஸே போதும். ஆளைக் கவிழ்ப்பது செய்முறை, அதிலும் சிவப்புக் கற்கள். மாணிக்கம், சிவப்பு ஸ்பினல் இரண்டுமே பர்மாவின் மோகோக் பளிங்குப் பாறையில் கிடைப்பவை. இரண்டுக்கும் சிவப்பைத் தருவது குரோமியம். பிரிட்டிஷ் அரச கிரீடத்தில் ‘கறுப்பு இளவரசரின் மாணிக்கம்’ என்ற பேரோடு உட்கார்ந்திருப்பதே ஸ்பினல்தான். எனவே புற ஊதா விளக்கை நம்பி இவற்றைப் பிரிக்கப் போகாதீர்கள், இரண்டும் சிவப்பாக ஒளிரும். இரும்பு கூடிய தாய்லாந்து மாணிக்கமோ மங்கிப்போய்த் தெரியும். இன்னொரு சிவப்புக் கல்லான கார்னெட் ஒளிராது.

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டியவை:

மாணிக்கம்: கடினம் 9, ஒப்படர்த்தி (நீரைவிட எத்தனை மடங்கு கனம்) 4.00, ஒளிவிலகல் எண் (ஒளி கல்லுக்குள் எவ்வளவு வளைகிறது) 1.762–1.770, இரட்டை விலகல் (ஒளி இரண்டாகப் பிரிவதால் வரும் இரண்டு எண்களின் இடைவெளி) 0.008.
ஸ்பினல்: கடினம் 8, ஒப்படர்த்தி 3.60, ஒளிவிலகல் எண் 1.718, ஒற்றை விலகல்.

ஒளிவிலகல் எண்ணைக் கோடாகக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 1.718 தெளிவாக விழுந்தால் பிரச்சினையே இல்லை. சிக்கல் 1.76 பக்கம் ஒரே ஒரு கோடு தெரியும்போதுதான். கார்னெட்டும் அங்கே வரும். 0.008 இடைவெளியில் உள்ள இரண்டு கோடுகளும் சோர்ந்த கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும்.

என்னைப் பாஸாக்கியது ரிஃப்ராக்டோமீட்டர் கண்வில்லை மேல் வைக்கும் அந்தச் சின்ன போலராய்டு வில்லை. பலர் அதைப் பெட்டியிலிருந்து எடுப்பதே இல்லை. கல்லை அசைக்காமல் வில்லையைத் திருப்புங்கள். மாணிக்கமென்றால் கோடு 1.770-க்கும் அதற்குக் கீழேயும் தாவும். ஸ்பினலிலும் கார்னெட்டிலும் நின்ற இடத்திலேயே நிற்கும். தாவவில்லையே என்று உடனே எழுதிவிடாதீர்கள். ஒளி இரண்டாகப் பிரியாத திசையான ஒளி அச்சின் வழியாகப் பார்த்தால் மாணிக்கத்திலும் தாவாது. கல்லைக் கொஞ்சம் திருப்பி வைத்து, வில்லையை மறுபடி திருப்புங்கள். மறுபடியும். நேரமாகும்தான். நான் மெதுவான ஆள், எனக்கு ஒத்துவந்தது. கல் விழுங்கும் நிறங்களைக் கோடுகளாகக் காட்டும் ஸ்பெக்ட்ராஸ்கோப்பில் ஒரே பார்வையில் முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மாணிக்கத்துக்கு நீலப் பகுதியில் 476, 468 நானோமீட்டரில் மெல்லிய கோடுகள் உண்டு, ஸ்பினலுக்குக் கிடையாது. எனக்கு அந்தக் கருவியோடு ஒத்துப்போகவே இல்லை.

பயிற்சிக்குக் கல் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். நகைக்கடைக்கு வேலை செய்யும் பழைய பத்தர் யாரையாவது பிடியுங்கள். எங்கள் ஊர்ப் பத்தர் ஒரு பால்மாவு டின் நிறையக் கழற்றிய கெம்புக் கற்கள் வைத்திருந்தார். “தம்பி, எல்லாம் பர்மா கல்லு, எங்கப்பா காலத்துது.” லூப்பில் (கை உருப்பெருக்கி) பார்த்தால் பாதிக்கு மேல் வளைந்த கோடுகள். 1902-இல் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னாய் அறிவித்த முறையில் உலையில் செய்த கல். அவருக்குச் சொல்லவில்லை. எண்கள் எல்லாம் இயற்கை மாணிக்கத்துக்கு உள்ளவையேதான், ரிஃப்ராக்டோமீட்டர் இங்கே உதவாது. உள்ளே பார்த்தால்தான் உண்டு. ஸ்பினலில் எண்முகப் படிகங்கள் வரிசையாகத் தெரிந்தால் சந்தோஷப்படுங்கள்.

மற்றபடி:

– டைக்ரோஸ்கோப்பை (கல்லின் நிறங்களைப் பிரித்து இரண்டு கட்டங்களில் காட்டும் கருவி) வெயில் வெளிச்சத்தில் பழகுங்கள். நான் வீட்டு அஞ்சடியில் (முன் நடைபாதையில்) காலையில் உட்கார்ந்து பழகினேன். மாணிக்கம் ஒரு கட்டத்தில் ஊதா கலந்த சிவப்பு, மறு கட்டத்தில் ஆரஞ்சு கலந்த சிவப்பு காட்டும். ஸ்பினலில் இரண்டும் ஒன்றே. குறைந்தது மூன்று திசையில் பாருங்கள்.
– போலரிஸ்கோப்பில் (இரண்டு போலராய்டு வில்லைகளுக்கு நடுவே கல்லைத் திருப்பிப் பார்க்கும் கருவி) ஸ்பினலும் கார்னெட்டும் பாம்பு நெளிகிற மாதிரி நிழல் காட்டி இரட்டை விலகல் போல ஏமாற்றும். அதை மட்டும் வைத்து முடிவெழுதாதீர்கள்.
– நீரில் நிறுக்கும்போது 1.80 காரட் மாணிக்கம் 1.35 காட்டும், ஸ்பினல் 1.30 காட்டும். வித்தியாசம் அவ்வளவுதான். கல்லில் ஒட்டிய காற்றுக் குமிழைத் தூரிகையால் தட்டிவிடுங்கள்.
– தட்டையான முகமில்லாத கபோஷான் வந்தால் புள்ளி முறையில் (வளைந்த பரப்பின் ஒரு புள்ளியை மட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்துப் படிப்பது) இரட்டை விலகல் பிடிபடாது. நேரே டைக்ரோஸ்கோப்புக்குப் போங்கள்.
– கல்லுக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் கண்ணாடிக்கும் நடுவே விடும் தொடு திரவம் குண்டூசித் தலையளவு போதும். துடைக்கச் சொந்தத் துணி கொண்டுபோங்கள், அங்கே கொடுத்தது பஞ்சுப் பஞ்சாகப் பிரிந்தது.