வீட்டுச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சின்ன கொங்கிறீட் தளம்

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே கிடக்கிற நாலடி இடத்தில் வாஷிங் மெஷின் வைக்கத் தளம் போடுவார்கள். ஒரு மழைக்காலம் போனதும் சுவரோரமாக வெடித்திருக்கும். பழி சீமெந்தின் மேல் விழும். உண்மையில், வீடு அத்திவாரத்தில் நிற்கிறது, தளம் நிரப்பிய மண்ணில் கிடக்கிறது. மண் இறங்கினால் தளமும் தன்பாட்டில் இறங்க வேண்டும். சுவரில் துளைபோட்டுக் கம்பி செருகி இரண்டையும் பிணைக்க மேசன் கேட்டாலும் விடாதீர்கள்.

சுவர், மதில், தூண், கழிவுநீர்ப் பைப் என்று தளம் தொடும் எல்லா இடத்திலும் அரை இஞ்சி ரிஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை) வையுங்கள், தளத்தின் முழுத் தடிப்புக்கும். மான்ஹோல் மூடியைக் கொங்கிறீட்டுக்குள் புதைக்க வேண்டாம். அதன் மூலைகளில்தான் வெடிப்பு தொடங்கும். ஒவ்வொரு மூலைக்கும் குறுக்காக இரண்டடிக் கம்பி ஒன்று போடலாம்.

தளத்தின் மேல்மட்டம் வீட்டின் ஈரத்தடுப்புப் படைக்கு (நிலத்து ஈரம் சுவரில் ஏறாமல் அடியில் வைத்த படை) ஆறு இஞ்சியாவது கீழே இருக்கட்டும். மேலே போனால் சுவர் ஈரம் குடிக்கும், கறையானும் கண்ணில் படாமல் ஏறும். நாலடிக்கு ஒரு இஞ்சி வாட்டம், வீட்டைவிட்டு வெளியே.

எட்டு இஞ்சி தோண்டினால் போதும். அத்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே மட்டும் போகாதீர்கள். நாலு இஞ்சிக்குக் கிரவல் போட்டு, நனைத்து, இரண்டு படையாக இடித்து, மேலே பொலித்தீன் விரியுங்கள்.

ஆறடிக்கு நாலடி, நாலு இஞ்சித் தடிப்பு என்றால் எட்டுக் கன அடி. 1:2:4 (சீமெந்து, மணல், கல்) கலவைக்கு ஒன்றரை மூட்டை சீமெந்து, மூன்றரைக் கன அடி மணல், ஏழு கன அடி முக்கால் இஞ்சிக் கருங்கல். சேதாரத்துக்குச் சேர்த்து இரண்டு மூட்டை வாங்குங்கள். கியூப் (நூறு கன அடி) கணக்கில் மணல் இறக்கத் தேவையில்லை, உரப்பையில் வாங்கினால் போதும். கழுவாத கடல் மணல் வேண்டவே வேண்டாம். உப்பு கம்பியைத் தின்றுவிடும். மூட்டைக்கு 25 லீற்றர் தண்ணீர், மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைவு. வாரிப் போட இலேசாக இருக்கட்டும் என்று வாளி வாளியாக ஊற்றுவதுதான் பெரிய கேடு. கம்பி வலை போட்டால் கவர் புளொக் (கம்பியைத் தாங்கும் சின்னக் கட்டை) மேல் நடுத்தடிப்பில் நிற்கட்டும், தரையில் கிடந்தால் பயனில்லை.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடிமழை வரும், ஆகவே விடியற்காலையில் தொடங்குங்கள். மட்டக் கோலால் இழுத்தபின் மேலே நீர் கசிந்து மினுங்கும். அது போகும்வரை கரண்டி வைக்கக்கூடாது. அந்த நீரை உறிஞ்ச உலர்ந்த சீமெந்தைத் தூவுகிற பழக்கம் இங்கே நிறைய. மேல்தோல் அப்படியே உரியும். வழுக்காமலிருக்கத் தும்புத்தடியால் ஒருமுறை இழுத்துவிடுங்கள்.

தளத்தை ஈரச்சாக்கால் மூடுங்கள், ஏழு நாள் அந்தச் சாக்கு காயவே கூடாது. தளம் உலர்ந்தபின் ரிஜிபோமின் மேல் அரை இஞ்சியை வெட்டி எடுத்து, அந்த இடைவெளியைப் பொலியூரித்தேன் சீலன்டால் நிரப்புங்கள். சாந்து பூசி அடைத்தால் தளம் மறுபடி சுவரோடு ஒட்டிக்கொள்ளும்.