நம்ம ஊர்க் கல்லு

டிசம்பர் 14, ஞாயிறு

கொல்லிமலைக்கு ஒத்திகை என்று சொல்லி அப்பாவைப் பரங்கிமலைக்குக் கூட்டிப் போனேன். அவருக்கு எழுபத்தொன்று. படியில் மூன்று இடத்தில் உட்கார்ந்தார். மூன்று தடவையும் "காத்து நல்லா வருதுல்ல" என்றாரே தவிர, முட்டி வலி என்று வாயைத் திறக்கவில்லை.

300 அடி உயரம்தான். ஆனால் சென்னை தட்டையான ஊர் என்பதால் அதுவே போதும். மீனம்பாக்கத்தில் இறங்க வரும் விமானம் கண்ணுக்கு நேராக வந்து, அப்புறம் நமக்குக் கீழே போகிறது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் இந்தியாவை அளக்க ஆரம்பித்ததும் இந்த மலையிலிருந்துதான். இங்கிருந்து பெரும்பாக்கம் பக்கம் வரை ஏழரை மைலுக்கு எஃகுச் சங்கிலியைப் போட்டுப் போட்டு அளந்திருக்கிறார்கள். பிற்பாடு இமயமலை வரைக்கும் நீண்ட அளவைக்கு அதுதான் முதல் கோடு. அப்பாவிடம் சொன்னேன்.

"இப்ப அங்க ஆட்டோல போகவே ஒரு மணி நேரமாகுதே" என்றார்.

அவர் பார்த்துக்கொண்டிருந்தது பல்லாவரத்தை ஒட்டிய திரிசூலம் பக்கம். அங்கே ஒரு கல் குவாரியில் இருபத்தாறு வருஷம் சூப்பர்வைசராக இருந்தவர். குவாரி மூடி எத்தனையோ வருஷமாகிவிட்டது, இப்போது அது கல்குட்டை. மேலிருந்து பார்த்தால் பச்சைத் தண்ணீர் மினுங்குகிறது.

டிசம்பர் 19, வெள்ளி இரவு

சென்ட்ரலில் ஏற்காடு எக்ஸ்பிரஸ். கொல்லிமலை போக ஏற்காடு ரயில், அதுவும் ஏற்காட்டுக்குப் போகாத ரயில். அப்பாவுக்கு இதில் பெரிய சந்தேகம். சேலத்தில் இறங்கி பஸ் என்று இரண்டு தடவை விளக்கிவிட்டேன். புளியோதரை, மாத்திரை டப்பா, முட்டிக்குப் போடும் பட்டை எல்லாம் எடுத்தாகிவிட்டது. கீழ் பெர்த் கிடைத்தது. நிம்மதி.

டிசம்பர் 20, சனி

சேலம், நாமக்கல், அங்கிருந்து மலைக்கு இன்னொரு பஸ். காரவள்ளி தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள், மொத்தம் 70. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. பஸ்ஸில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து கத்தி எண்ணினார்கள். முப்பதைத் தாண்டியபோது குரல் குறைந்தது. நாற்பத்தெட்டில் ஒரு பையன் வாந்தி எடுத்தான், அதோடு எண்ணிக்கை நின்றது. அப்பா மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து, ரோட்டுக்காக மலையை வெட்டிய பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். எல்லோரும் பள்ளத்தாக்கைப் பார்க்கிற பஸ்ஸில் ஒருவர் மட்டும் சுவரைப் பார்க்கிறார்.

சோளக்காட்டில் வளைவுகள் முடிகின்றன. அன்னாசி, மலை வாழைப்பழம், மிளகு. சில்வர் ஓக் மரம் ஒவ்வொன்றிலும் மிளகுக்கொடி, கீழே காப்பிச் செடி.

மதியம் சீக்குப்பாறை காட்சி முனைக்கு ஆட்டோ வைத்துப் போனோம். மூடுபனி. கம்பிக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை, துவைத்துக் காயப் போட்ட வேட்டி மாதிரி ஒரு வெள்ளை. பத்துப் பேர் அந்த வெள்ளைக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் எடுத்தேன்.

திரும்பும்போது செம்மேட்டில் வல்வில் ஓரி சிலையைப் பார்த்தோம். இவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி எல்லாவற்றையும் துளைத்துப் போய்க் கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் நின்றதாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடுகிறார். பள்ளிக்கூடத்தில் படித்தபோதே நான் நம்பவில்லை. அப்பாவோ "அந்த உடும்பு என்ன பண்ணுச்சு பாவம்" என்றார்.

ராத்திரி, தங்கிய வீட்டில் சாமைச் சோறும் கீரைக் குழம்பும். இங்கே சாமை, தினை, கேழ்வரகு எல்லாம் குறைந்துகொண்டே வந்து, நிலம் மரவள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் இங்குள்ள விவசாயிகளோடு வேலை செய்தது தரமணியில் இருக்கும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். தினமும் அந்த வாசலைத் தாண்டித்தான் ஆபீஸ் போகிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

ஆகாய கங்கை. அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்திலிருந்து படிகள் இறங்குகின்றன, ஆயிரத்துக்கு மேல். அப்பா கோயிலில் இருப்பதாகத்தான் பேச்சு. சாமி கும்பிட்டு வெளியே வந்ததும் "கொஞ்ச தூரம் வரேன், சும்மா" என்றார். வேண்டாம் என்றால் வீம்புக்கு வருவார், தெரியும். சரி என்றேன்.

இருநூறு படி இறங்கியிருப்போம். பாறை ஓரமாக ஒரு திருப்பத்தில் நின்றுவிட்டார். கையை வைத்துப் பார்த்தார். உடைந்த பக்கம் ஒன்று இருந்தது. அதில் எச்சிலைத் தொட்டுத் தேய்த்தார், எனக்குக் கூச்சமாகிவிட்டது.

"பாப்பா, இது நம்ம கல்லு."

"எல்லாக் கருங்கல்லும் ஒரே மாதிரிதான்பா இருக்கும்."

"இல்லம்மா. வெளியே பழுப்பா இருக்கும். உடைச்சா உள்ள எண்ணெய் தடவின மாதிரி கருநீலமா மின்னும். பல்லாவரம் கல்லு இது."

அவரை அங்கேயே உட்கார வைத்துவிட்டு நான் இறங்கினேன். கீழே போகப் போகக் காது அடைக்கிற மாதிரி இரைச்சல், காற்றில் ஈரம். ஐயாறு 300 அடியிலிருந்து ஒரே வீச்சாக விழுகிறது. பரங்கிமலையைத் தூக்கி வந்து இதன் பக்கத்தில் வைத்தால் சரியாக இருக்கும் என்று தோன்றியது. பக்கத்தில் போக முடியவில்லை, சாரலே முகத்தில் அறைகிறது. இந்தத் தண்ணீர் மலையின் அந்தப் பக்கம் புளியஞ்சோலைக்கு இறங்கித் திருச்சி மாவட்டத்துக்குள் போய்விடுகிறது.

ஏறுவது கொடுமை. இருபது படிக்கு ஒருமுறை நின்றேன். எனக்கும் காற்று நன்றாக வந்தது. மேலே வந்தால் அப்பாவைச் சுற்றி நான்கு கல்லூரிப் பையன்கள். பாறையில் எந்தப் பக்கம் தட்டினால் பிளக்கும், எந்தப் பக்கம் தட்டினால் சுத்தியல்தான் உடையும் என்று பாடம் நடக்கிறது.

அறைக்கு வந்து, சிக்னல் கிடைத்த மூலையில் நின்று தேடினேன். அப்பா சொன்னது சரி. இந்தப் பாறைக்குப் பெயர் சார்னோகைட். பூமிக்குள் ஆழத்தில், பெரிய சூட்டிலும் அழுத்தத்திலும் உருவானது. வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். கொல்லிமலை, சேர்வராயன், நீலகிரி எல்லாம் பெரும்பாலும் இதுதான், பரங்கிமலையும் இதுதான். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறைக்கு வைத்த கல் இந்த வகை. பல்லாவரத்திலிருந்து போனது என்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893ல் பெயர் வைத்திருக்கிறார்.

படித்துக் காட்டினேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"லோடு லோடா அனுப்பினோம். பேரு கேட்டதில்ல."

டிசம்பர் 22, திங்கள்

கிளம்பும் முன் மறுபடி சீக்குப்பாறை. அப்பாதான் போகணும் என்றார். பனி இல்லை. மலை சட்டென்று முடிந்து, கீழே கட்டம் கட்டமாக வயல், ஒரு ஏரி, நூல் மாதிரி ரோடு. எனக்குப் பேச்சு வரவில்லை. இரண்டு நாளில் பார்த்த எல்லாவற்றையும் விட இதுதான், அருவியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்பா தூரத்தில் ஒரு சின்னக் குன்றைக் காட்டினார். ஒரு பக்கம் நேராக அறுத்துவைத்த மாதிரி வெள்ளையாக இருந்தது. அதிலிருந்து தூசி எழும்பிக்கொண்டிருந்தது.

"வெட்டறாங்க. பத்து வருஷத்துல முடிச்சிடுவாங்க" என்றார். ஏரியைக் காட்டினேன், ரோட்டைக் காட்டினேன். ம், ம் என்றார். ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கும் வரை அந்தக் குன்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

டிசம்பர் 24, புதன்

தொடை இரண்டும் கல்லாகிவிட்டது. மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்க முடிகிறது. அப்பா காலையிலேயே பால் வாங்கப் போய்விட்டு வந்தார். "ஒத்திகை பத்தல உனக்கு" என்றார்.