அம்மிச்சி துப்பட்டிக்கு ஒரு ஒட்டு

போன வாரம் அம்மிச்சியின், அதாவது அம்மாவைப் பெற்றவளின், துப்பட்டிப் போர்வையைத் துவைத்துக் காயப்போட்டபோது, நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கிழிந்திருந்தது. சென்னிமலையில் அம்மிச்சியின் வீட்டுக்காரர், எங்கள் அப்புச்சி, தன் கைத்தறியில் நெய்தது. தூக்கிப்போட மனசு வரவில்லை. ராத்திரி ஊசி நூலோடு உட்கார்ந்தால், பையன் லேப்டாப்பைத் திறந்துகொண்டு, "நீங்க தூங்குங்கம்மா, எனக்கு இன்னிக்கு ஒரு பேட்ச் போடோணும், ரெண்டு மணியாயிரும்" என்கிறான். அவன் சொல்லும் பேட்ச், கம்ப்யூட்டர் புரோகிராமில் இருக்கும் தப்பைச் சரிசெய்யும் ஒட்டு. நானும் ஒட்டுப் போடத்தானே உட்கார்ந்திருக்கிறேன்! ரெண்டு பேரும் ஒட்டுக்கா வேலையை ஆரம்பித்தோம்.

ஒட்டு என்றால் எனக்கு முதலில் அப்பாவின் சைக்கிள் கடைதான். பெருந்துறைப் பக்கம் ரோட்டோரப் புளியமரத்தடியில் ஓலைச் சாய்ப்பு, பாதியாக வெட்டிய டிரம்மில் தண்ணீர். டியூபில் காற்றடித்து, முக்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக்கொண்டே வருவார். குமிழ் வந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. பிறகு துடைத்துவிட்டு உப்புத்தாள் எடுப்பார். ஓட்டை என்னவோ குண்டூசி முனை அளவுதான். அவர் தேய்ப்பது ஒரு ரூபாய்க் காசைவிட அகலமாக இருக்கும். சொல்யூஷன் தடவினதும் உடனே ஒட்டிவிட மாட்டார். மில்லுக்கு நேரமாச்சு என்று நிற்கிறவர்கள் "ஆச்சுங்களா, ஆச்சுங்களா" என்பார்கள். "வெரல் வெச்சா ஒட்டக் கூடாதுங்க, அப்பத்தான் ஒட்டோணும்" என்பார் அப்பா. ஈரத்தோடு ஒட்டினால் சொல்யூஷனில் இருக்கும் கரைப்பான் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும், ஒட்டுப் பிடிக்காது. பழைய டியூபில் வெட்டும் துண்டுக்கு முக்கு இருக்கக் கூடாது, முக்கிலிருந்துதான் உரிய ஆரம்பிக்கும். வட்டமாக வெட்டி, மெதுவாக அழுத்தி, சுத்தியலால் தட்டுவார். லாரி டியூபுகள் வந்தால் வல்கனைசிங் கடைக்கு அனுப்பிவிடுவார். அங்கே சூட்டில் வைத்து அழுத்தும்போது ஒட்டு ரப்பரும் டியூபும் ஒன்றாகிவிடும். ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தும் வித்தையை 1839இல் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர்.

ரோட்டுக் குழிக்குப் போடும் ஒட்டில் மட்டும் முறை தலைகீழ். குழியைச் சதுரமாக, ஓரங்கள் செங்குத்தாக நிற்கும்படி வெட்டவேண்டும், அப்போதுதான் உள்ளே போடும் கலவையைச் சுவர் பிடித்துக்கொள்ளும். புழுதியைக் கூட்டித் தள்ளி, தார் பூசி, பிறகுதான் ஜல்லிக் கலவை. எங்கள் வீதியில் புழுதிமேலேயே கொட்டிவிட்டுப் போனார்கள். ஒரு மழைக்குத் தாங்கவில்லை. அப்பாவின் உப்புத்தாள்தான் ஞாபகம் வந்தது. வேலையெல்லாம் ஓட்டையைச் சுற்றித்தான்.

அன்று ராத்திரி பையன் ஒரு படம் காட்டினான். 1944இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய மார்க் 1 கணினிக்கு ஓட்டிய காகித நாடா. கட்டளைகளெல்லாம் துளைகள்தான். தப்பாக விழுந்த துளைகளின்மேல் காகிதத் துண்டு ஒட்டி மூடியிருக்கிறார்கள். "பேட்ச்னு பேர் வந்ததே இப்படித்தாம்மா" என்றான். எனக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்புச்சியின் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருந்தது. சங்கிலி மாதிரிக் கோத்த அட்டைகள் ஒவ்வொன்றாக வந்து விழும். துளை இருக்கும் இடத்தில் பாவு நூல் மேலே எழும்பும், இல்லாத இடத்தில் கீழேயே நிற்கும். பூவும் கொடியும் அப்படித்தான் விழுகின்றன. ஒரு துளை தப்பாக அடித்துவிட்டால், அந்த அட்டை திரும்பி வரும்போதெல்லாம் அதே இடத்தில் அதே பிசகு. முழு அட்டையையும் மாற்றினால் காசு. அதனால் அப்புச்சி புளியங்கொட்டைப் பசை காய்ச்சி, காலண்டர் தாளைக் கிள்ளி, அந்த ஒரு துளையை மட்டும் மூடுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பசைக் கிண்ணம் பிடிப்பேன். ஜக்கார்டு என்ற பிரெஞ்சுக்காரர் 1804 வாக்கில் கொண்டுவந்த அட்டை அது. பையனிடம் சொன்னேன்: "உங்க வேலைய எங்கப்புச்சி சென்னிமலையில செஞ்சாரு கண்ணு." கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள். பனியன் துணி பின்னல் துணி, ஒரு கண்ணி அறுந்தால் ஏணிப்படி மாதிரி ஓடிக்கொண்டே போகும். முதலில் அதைப் பிடித்துக் கட்டவேண்டும். ஒட்டும் துண்டு எந்தப் பக்கம் இழுபடுகிறதோ அதே பக்கம் அடித்துணியும் இழுபடவேண்டும், மாற்றி வைத்தால் சுருங்கிக்கொண்டு நிற்கும். கிழியாத சட்டைக்கே அழகுக்காக எம்ப்ராய்டரி பேட்ச் வைக்கும் ஆர்டர்களும் நிறைய வரும். அந்த வண்ணங்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் என்னை அழவைத்த ஒட்டு ஒன்று உண்டு. பாப்பாவுக்கு 5 வயதில் இடது கண் மங்கல் என்று தெரிந்தது. சோம்பேறிக் கண் என்கிறார்கள், அந்தப் பேரை நான் வீட்டில் சொல்லவிட்டதில்லை. மங்கலான கண் காட்டுவதை மூளை கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுமாம். அதனால் நல்ல கண்ணைத் தினமும் ரெண்டு மணி நேரம் ஒட்டுப் போட்டு மூடி, மங்கல் கண்ணைப் பார்க்கவைக்கச் சொன்னார் டாக்டர். "ஏம்மா, நல்லாத் தெரியற கண்ண மூடறீங்க?" என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்குத் தொண்டை அடைத்தது. முதல் வாரம் கதவு நிலையில் இடித்துக்கொண்டாள். பிய்த்து எடுக்கும்போது புருவ முடியும் கூடவே வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து மெல்ல எடுக்கப் பழகினேன். கம்பெனியில் மிஞ்சிய எம்ப்ராய்டரி மயில்களைக் கொண்டுவந்து ஒட்டின்மேல் ஒட்டிவிட்டேன், அதற்கப்புறம் அவளே நேரம் பார்த்து "மயிலு வெச்சுவுடுங்க" என்று கேட்டு வருவாள். ரெண்டு வருசம். இப்போது கல்லூரிக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போகிறாள்.

துப்பட்டிக்கு வருகிறேன். புதுத் துணி வைத்தால் துவைத்ததும் அது சுருங்கிப் பழையதை இழுத்துக் கிழித்துவிடும். பலமுறை துவைத்த பருத்தியாகத் தேடினேன். பீரோ அடியில் அப்பாவின் ஈரிழைத் துண்டு கிடந்தது, கடையில் தோளில் போட்டிருப்பாரே, அது. ரெண்டாக மடித்து, கிழிசலைவிட நாலு விரல் கூடுதலாக விட்டு, முக்கை வட்டமாக வெட்டினேன். ஒரு ஓரத்தில் சொல்யூஷன் கறை கெட்டியாக நின்றது. அது மேல்பக்கம் வரும்படி வைத்து ஊசி கோத்தேன். பையன் அறையில் அப்போதும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.