கையைக் கழுவிவிட்டு எழுத உட்கார்ந்த பெண்கள்

பிரசவ வார்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இது தெரியும். குழந்தையைத் துடைத்துத் துணியில் சுற்றித் தாயின் மார்பில் வைத்து, நஞ்சுக்கொடி முழுசாக வந்துவிட்டதா என்று பார்த்து, ரத்தப்போக்கு நின்றதை உறுதி செய்து, கையைக் கழுவிவிட்டு நாங்கள் செய்யும் கடைசி வேலை பதிவேட்டில் எழுதுவது. நேரம், எடை, ஆணா பெண்ணா, பிரசவம் பார்த்தது யார். ராத்திரி மூன்று மணிக்குக் கண் சொருகினாலும் எழுதாமல் எழுந்திருக்க முடியாது.

இந்த வருடம் எங்கள் வார்டுக்குப் புதிதாக வந்த பெண் ஒருத்தி நிறையப் படிப்பாள். "அக்கா, சரித்திர நாவல் ஏதாவது சொல்லுங்க, ஆனா ராணி, இளவரசி எல்லாம் வேண்டாம், நம்மள மாதிரி வேலைக்குப் போற பொம்பளைங்க இருக்கணும்" என்று கேட்டாள். அவளுக்கு வாட்ஸ்அப்பில் நாலு வரி அனுப்ப ஆரம்பித்தது நீண்டுகொண்டே போனதால் இங்கேயே எழுதிவிடுகிறேன். எல்லாமே கடந்த சில வருடங்களில் வந்த ஆங்கில நாவல்கள்.

முதலில் ஏரியல் லாஹன் எழுதிய 'தி ஃப்ரோஸன் ரிவர்'. 2023 டிசம்பரில் வந்தது. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், இன்றைய மெய்ன் மாநிலத்தில், கென்னபெக் ஆற்றங்கரையில் ஹாலோவெல் என்ற ஊர். 1789ஆம் வருடக் குளிர்காலத்தில் ஆறு உறைந்து, பனிக்கட்டிக்குள் ஒரு ஆணின் உடல் சிக்கிக் கிடக்கிறது. உடலைப் பார்த்துச் சாவுக்குக் காரணம் சொல்ல ஊர்க்காரர்கள் கூப்பிடுவது மார்த்தா பல்லார்ட் என்ற 54 வயது மருத்துவச்சியை. செத்தவன், ஊர்ப் பாதிரியாரின் மனைவி ரெபேக்கா ஃபாஸ்டரை வன்புணர்வு செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட இரண்டு பேரில் ஒருவன். இன்னொருவர் அந்த ஊர் நீதிபதி. இதற்கு மேல் கதை சொல்ல மாட்டேன்.

மார்த்தா கற்பனை இல்லை, நிஜமாக வாழ்ந்தவர். 1785 முதல், 1812இல் சாவதற்குக் கொஞ்சம் முன்பு வரை, 27 வருடம் தினமும் நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். அன்றைக்கு வானிலை எப்படி, ஆற்றில் பனி எவ்வளவு, யார் வீட்டில் வலி கண்டது, எத்தனை மணிக்குப் பிள்ளை பிறந்தது, கூலி வந்ததா என்று சின்னச் சின்னக் குறிப்புகள். அதில் 816 பிரசவங்கள் பதிவாகியிருக்கின்றன. குதிரையிலும் படகிலும், உடையத் தொடங்கிய பனிக்கட்டி மேல் நடந்தும் போய்ப் பார்த்த பிரசவங்கள். அதற்கெல்லாம் முன்பு, 1769இல், தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது தன் சொந்த மகள்கள் மூன்று பேரை மூன்று வாரத்துக்குள் பறிகொடுத்தவர் அவர். அதன் பிறகும் அடுத்தவர் வீட்டுக் கதவு தட்டப்படும்போது பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். நான் தேடும் மனஉறுதி இந்த மாதிரிதான்.

அந்தக் காலத்தில் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணம் ஆகாத பெண்ணுக்குப் பிரசவ வலி உச்சத்தில் இருக்கும்போது மருத்துவச்சி அவளிடம் குழந்தைக்குத் தகப்பன் யார் என்று கேட்க வேண்டும். அந்த நேரத்தில் பொய் வராது என்பது நம்பிக்கை, அவள் சொல்லும் பெயர் நீதிமன்றத்தில் செல்லும். படிக்கும்போது எனக்கு வயிறு என்னவோ செய்தது. வலியில் துடிக்கிறவளிடம் போய்க் கேட்கிற கேள்வியா அது? ஆனால் அந்தக் கேள்வியை விட்டால் அவளுக்கு ஜீவனாம்சம் வாங்க வேறு வழியும் இல்லை. நிஜ மார்த்தாவின் நாட்குறிப்பில் ஒரு நாள் அப்படி ஒரு பெண் சொன்ன பெயர் மார்த்தாவின் சொந்த மகனுடையது. அதையும் அவர் அப்படியே எழுதி வைத்திருக்கிறார்.

இந்த நாட்குறிப்பு ரொம்ப காலம் சாதாரண வீட்டு விவகாரம் என்று ஒதுக்கப்பட்டுக் கிடந்தது. லாரெல் தாட்சர் உல்ரிச் என்ற வரலாற்றாசிரியர் அதில் வருடக்கணக்காக உட்கார்ந்து ஒரு புத்தகம் எழுதி, 1991இல் புலிட்சர் பரிசு வாங்கிய பிறகுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நாவலாசிரியர் வரலாற்றை நிறையவே மாற்றியிருக்கிறார், நீதிபதி பாத்திரம் எனக்குக் கொஞ்சம் அதிகப்படியாகவே கெட்டவனாகத் தெரிந்தது, முடிவும் சினிமா மாதிரிதான். இருந்தாலும் பிரசவக் காட்சிகள் எழுதியிருக்கும் விதத்துக்காகவே நான் இரண்டு தடவை படித்தேன். எங்கேயும் அவசரம் இல்லை. காத்திருப்பதுதான் மருத்துவச்சியின் பாதி வேலை என்பது எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது.

என் அம்மாச்சியும் மருத்துவச்சிதான். "இந்தத் தெருவுல பாதிப் பேரு என் கையில விழுந்த புள்ளைக" என்று சொல்லும். எத்தனை என்று கேட்டால் சிரிக்கும், எழுதப் படிக்கத் தெரியாது. கூலி என்று வந்தது அரிசி, வெற்றிலை பாக்கு, பெரிய வீடாக இருந்தால் ஒரு சேலை. வலி எடுத்தால் நடுராத்திரி ஆள் விட்டு அழைத்து உள்ளறை வரை கூட்டிப் போனவர்கள், பிள்ளை பிறந்த மறு வாரம் அதே அம்மாச்சியைத் திண்ணையோடு நிறுத்திவிடுவார்கள். தீட்டு பார்த்த கை.

இதைச் சொல்லக் காரணம் அடுத்த நாவல். லிசா சீ எழுதிய 'லேடி டான்ஸ் சர்க்கிள் ஆஃப் விமன்', 2023இல் வந்தது. பதினைந்தாம் நூற்றாண்டுச் சீனா, மிங் வம்ச ஆட்சி. கதாநாயகி டான் யுன்ஷியன். இவரும் நிஜமானவர், 1461இல் பிறந்தவர். தாத்தாவும் பாட்டியும் வைத்தியர்கள், பாட்டிதான் பேத்திக்கு வைத்தியம் சொல்லிக் கொடுத்தது. ஆண் வைத்தியர்கள் பெரிய வீட்டுப் பெண்களை நேரில் பார்க்கவோ தொடவோ கூடாது, திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வீட்டு ஆண்கள் மூலம் கேட்டுத்தான் மருந்து சொல்ல வேண்டும். மாதவிலக்குக் கோளாறையும் கருச்சிதைவையும் புருஷன் வாயால் கேட்டு எப்படி வைத்தியம் பார்ப்பது? அங்கேதான் யுன்ஷியன் வருகிறார், பெண்ணாக இருப்பதால் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்து நாடி பார்த்து வாயைத் திறந்து பேச வைக்க முடிகிறது.

ஆனால் வைத்தியரும் ரத்தத்தைத் தொடக் கூடாது. பிரசவத்தில் கை வைப்பது மருத்துவச்சி, அவள் அசுத்தமானவள். நாவலில் யுன்ஷியனின் உயிர்த்தோழி மெய்லிங் அப்படிப்பட்ட மருத்துவச்சி. மாமியார் இந்த நட்பையும் வைத்தியத்தையும் சேர்த்தே தடுக்கப் பார்க்கிறாள். ஒரே அறையில் ஒரே பெண்ணின் உயிரைக் காப்பாற்றும் இரண்டு பேரில் ஒருத்திக்கு மரியாதை, இன்னொருத்திக்குத் திண்ணை. எனக்கு அம்மாச்சி ஞாபகம் வராமல் எப்படி இருக்கும்! பாதங்களைக் கட்டிச் சிறிதாக்கும் வழக்கத்தைப் பற்றிய பகுதிகள் தொடக்கத்திலேயே வருகின்றன, மனதைத் தயார் செய்துகொண்டு படியுங்கள். நிஜ யுன்ஷியன் 1511இல், ஐம்பது வயதில், தான் பார்த்த 31 நோயாளிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். எல்லோரும் பெண்கள். ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய கேஸ் ஷீட் என்று சொல்லலாம், இன்றைக்கும் கையில் கிடைக்கிறது.

கிறிஸ்டின் ஹேன்னாவின் 'தி விமன்' 2024இல் வந்து சக்கைப்போடு போட்டது. வியட்நாம் போருக்குப் போன ஃப்ராங்கி என்ற அமெரிக்க ராணுவ நர்ஸின் கதை. ஹெலிகாப்டர் சத்தம் கேட்டதும் ஓடுவது, யாரை முதலில் உள்ளே எடுப்பது யாரை ஓரமாகப் படுக்க வைப்பது என்று நொடியில் முடிவெடுப்பது, இந்தப் பக்கங்கள் பிரமாதம். ஊர் திரும்பியதும் "வியட்நாமில் பெண்களே இல்லையே" என்று அவளிடம் சொல்கிறார்கள். கோபம் கோபமாக வந்தது எனக்கு. வாஷிங்டனில் அந்தப் போரில் இறந்தவர்களின் பெயர்ச் சுவரில் 8 பெண்களின் பெயரும் இருக்கிறது, எட்டுப் பேருமே நர்ஸ்கள். ஆனால் போருக்குப் போன பெண்களுக்கென்று தனி நினைவுச் சின்னம் வர 1993 ஆகிவிட்டது. நாவலின் இரண்டாம் பாதியில் காதலும் ஏமாற்றமும் மாறி மாறி வந்து இழுக்கிறது, வியட்நாம் பெண்கள் அனேகமாகக் கண்ணிலேயே படுவதில்லை. அது பெரிய குறைதான். முதல் பாதிக்காகப் படிக்கலாம்.

ஆபிரகாம் வர்கீஸின் 'தி கவனென்ட் ஆஃப் வாட்டர்' எழுநூறு பக்கத்துக்கு மேல், நீண்ட விடுமுறை இருந்தால் எடுங்கள். 1900இல் கேரளத்தில், நாற்பது வயது மனைவியிழந்தவருக்கு வாழ்க்கைப்பட்டுப் போகும் பன்னிரண்டு வயதுப் பெண்ணில் தொடங்கி, 1977 வரை போகிறது. சென்னையும் வரும், தொழுநோய் இல்லமும் வரும். எழுத்தாளரின் அம்மா தன் சிறுவயது எப்படி இருந்தது என்று பேத்திக்காக நோட்டில் எழுதி வைத்ததுதான் இதற்கு விதை.

இப்போது கடைசி. இதைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு நேரம் தள்ளிக்கொண்டே வந்தேன் என்று நினைக்கிறேன். வி.வி. கணேசானந்தனின் 'பிரதர்லெஸ் நைட்'. 2023இல் வந்தது, அடுத்த வருடம் பெண்களுக்கான புனைகதைப் பரிசை லண்டனில் வென்றது. எழுத ஏறக்குறைய இருபது வருடம் ஆனதாம். 1981இல் யாழ்ப்பாணத்தில் தொடங்குகிறது, நூலகம் எரிக்கப்பட்ட வருடம். சசிக்குப் பதினாறு வயது, டாக்டராக வேண்டும் என்று ராப்பகலாகப் படிக்கிறாள். நாலு சகோதரர்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வீடு ஒவ்வொருவராகக் காலியாகிறது. மருத்துவ மாணவியான சசி, புலிகள் இயக்கம் நடத்தும் ஒரு சிகிச்சை நிலையத்தில் காயம்பட்டவர்களுக்கு மருந்து கட்டுகிறாள். கொள்கைக்காகப் போகிறாள் என்று சொல்லிவிட முடியாது, எதிரே ரத்தம் வழிந்து கிடக்கும் பையன் பக்கத்து வீட்டுப் பையன்.

அவளுடைய பேராசிரியை அஞ்சலி என்ற பாத்திரத்தின் பின்னால் இருப்பது ராஜினி திராணகம. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உடற்கூறு கற்பித்தவர். இலங்கை ராணுவம், இந்திய அமைதிப்படை, புலிகள், மற்ற இயக்கங்கள், யார் செய்த கொடுமையானாலும் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதினார். அமைதிப்படையின் காலத்தில் பெண்களுக்கு நடந்ததை அவர்களிடமே உட்கார்ந்து கேட்டு எழுதிய அவரது பகுதி, மற்ற மூவரோடு சேர்ந்து எழுதிய 'முறிந்த பனை' என்ற நூலில் இருக்கிறது. 1989 செப்டம்பர் 21 அன்று பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீட்டுக்குப் போகும் வழியில் சுட்டுக் கொன்றார்கள். வயது 35.

நாவலில் அஞ்சலியும் சசியும் சாட்சியம் சேகரிக்கும் அத்தியாயங்களைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பேச வந்த பெண் பாதியில் நிறுத்தினால் அவசரப்படுத்தாமல் இருப்பது, அவள் சொன்ன வார்த்தையை நம் வசதிக்கு மாற்றாமல் எழுதுவது, எழுதிய தாள் யார் கையிலாவது சிக்கினால் என்ன ஆகும் என்று தெரிந்தே எழுதுவது. வார்டில் அடிபட்டு வரும் பெண்களிடம் "எப்படிம்மா அடிபட்டுச்சு" என்று கேட்டு, "வழுக்கி விழுந்தேன்" என்று அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிவிட்டு நகர்ந்த நாட்கள் எனக்கு உண்டு. இப்போது பேனாவை எடுப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் கூடுதலாக உட்காருகிறேன்.

நம் ஆட்களிடம் இந்த நாவலைப் பற்றிப் பேசினால் உடனே அது எந்தப் பக்கம் என்று கேட்கிறார்கள். சசி நோயாளியின் பக்கம். படித்துவிட்டுச் சண்டை போடுங்கள், வரவேற்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்ட தங்கைக்கு: சரித்திர நாவல் புதிது என்றால் மார்த்தாவிடம் போ, துப்பறியும் கதை மாதிரி ஓடும், நைட் டூட்டிக்கு பஸ்ஸில் போகும்போதே பாதி முடிந்துவிடும். அப்புறம் யுன்ஷியன். இரண்டும் என் லாக்கரில் இருக்கின்றன, எடுத்துக்கொள். யாழ்ப்பாணத்துக்கு மட்டும் மறுநாள் டூட்டி இல்லாத ஒரு ராத்திரியை வைத்துக்கொள்.