குளிர்ந்த மோட்டாரும் சூடேறிய மோட்டாரும்

என்னிடமுள்ள 8 மி.மீ. அகல பிலிம் புரொஜெக்டரை இயக்கிய முதல் சில நிமிடங்களில் திரையில் மனிதர்கள் தயங்கித் தயங்கி நடப்பார்கள். கால் மணி நேரம் கழிந்தால், வேகக் குமிழை யாரும் தொடாமலேயே, ஓட்டமும் நடையுமாக விரைவார்கள். மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் தரும் கார்பன் பிரஷ்களை மாற்றியும் பயனில்லை. கோளாறு வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறையிலேயே இருந்தது.

இவ்வகைக் கருவியில் உள்ள சீரிஸ் மோட்டாருக்கென்று (சுழலும் சுருளும் நிலைச்சுருளும் தொடராக இணைந்தது) நிலையான வேகம் கிடையாது. சுமைக்கேற்ப அது மாறும். தொடரிணைப்பில் உள்ள ரியோஸ்டாட் (வேகக் குமிழால் மாற்றப்படும் மின்தடை) இந்தக் குறையைப் பெரிதாக்குகிறது. கிரீஸ் இறுகியிருக்கும்போது மோட்டார் அதிக மின்னோட்டத்தை இழுக்க, அந்த மின்னோட்டமே ரியோஸ்டாட்டில் கூடுதல் மின்னழுத்தத்தை இழக்கச் செய்வதால், வலு மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் மோட்டாருக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் குறைகிறது. கிரீஸ் இளகியதும் எல்லாம் தலைகீழாகிவிடுகிறது.

ஒலிப்படம் காட்டும் 16 மி.மீ. கருவிகளில் இந்தத் தளர்வுக்கு இடமில்லை. வினாடிக்கு 24 பிரேம் (தனிப்படம்) என்பது 25 ஆனாலே குரலின் சுருதி அரைச் சுரத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் உயர்ந்துவிடும். ஆகவே அவற்றில் பலவற்றின் மோட்டார் அச்சில் கவர்னர் என்னும் வேகச் சீராக்கியைப் பொருத்தினார்கள். வேகம் மிகும்போது அதன் எடைகள் வெளிப்புறம் விலகித் தொடுமுனைகளைத் திறக்க, மின்னோட்டம் ஒரு மின்தடை வழியாகச் சென்று குறைகிறது. வேகம் தணிந்ததும் முனைகள் மீண்டும் சேர்கின்றன. தீப்பொறியால் முனைகள் குழிவிழுவதைக் குறைக்க ஒரு கன்டென்சரும் உண்டு. வேகத்தை அச்சிலேயே அளந்து அங்கேயே திருத்தும் இந்த ஏற்பாட்டின்மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு.

அதையே மின்னணு வழியில் செய்ய முடிவு செய்தேன். ஷட்டரின் (பிலிம் நகரும்போது ஒளியை மறைக்கும் சுழல்தட்டு) அச்சில் ஒரு சிறு காந்தம், எதிரே காந்தத்தை உணரும் ஒரு ஹால் சென்சார், சுற்றின் நேரத்தை அளந்து டிரையாக்கை (மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணு ஸ்விட்ச்) இயக்கும் ஒரு மைக்ரோகண்ட்ரோலர். வீட்டு மின்சாரம் அதை எட்டாதிருக்க நடுவில், சைகையை ஒளியால் மட்டும் கடத்தும் ஒரு ஆப்டோகப்ளர். இலக்கு வினாடிக்கு 16⅔ பிரேம். என் கருவியின் ஷட்டருக்கு மூன்று இறக்கைகள் இருப்பதால் ஒளி வினாடிக்குச் சரியாக 50 முறை மறைகிறது. 25 பிரேம் வீடியோ கேமராவில் பதிவு செய்யும்போது ஒவ்வொரு வீடியோ பிரேமுக்கும் சரியாக இரண்டு மறைப்புகள் வருவதால் திரை துடிப்பதில்லை. (இரண்டு இறக்கைகள் கொண்ட 24 பிரேம் கருவியின் மோட்டாரை மட்டும் 16 பிரேமுக்குக் குறைத்தால் வினாடிக்கு 32 மின்னல்களே கிடைக்கும், அது கண்ணை உறுத்தும்.)

சரிபார்க்க, ஷட்டர் அச்சில் ஆறு கருங்கோடுகள் வரைந்த அட்டையை ஒட்டி, டெஸ்டரில் இருக்கும் சிறு நியான் விளக்கால் அதைப் பார்த்தேன். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நியான் வினாடிக்கு 100 முறை ஒளிர்வதால், வேகம் சரியாக இருந்தால் (16⅔ × 6 = 100) கோடுகள் அசையாமல் நிற்க வேண்டும். மோட்டார் குளிர்ந்திருந்தபோதும் அரை மணி நேரம் ஓடிய பின்பும் அவை நின்றன.

மின்விசிறியும் இதே அச்சில் சுழல்வதால், வேகம் குறையும்போது விளக்குக்குக் கிடைக்கும் காற்றும் குறைகிறது. அதற்குத் தனி மோட்டார் பொருத்தும் வேலை இன்னும் மீதமிருக்கிறது.