உப்புக் காற்றில் ஒரு பிஹெச்.டி.: நாட்குறிப்பு

ஜூலை 6, மண்டபம்

கச்சான் காற்று ஓயவில்லை, மழையும் இல்லை. மின்கம்பியைத் தாங்கும் இன்சுலேட்டர்மேல் படியும் உப்பு மாசை முனைவர் ஆய்வுக்கு எடுப்பவர் சாம்பிள் எடுக்க வேண்டிய மாதம் இது. ஓடுகிற லைனில் கை வைக்க வேண்டியதில்லை. மின் இணைப்பில்லாத பீங்கான் டிஸ்க் சரம் ஒன்றைத் தொங்கவிட்டால் போதும். குறைந்தது ஏழு டிஸ்க், முடிந்தால் ஒன்பது. இரு முனை டிஸ்க்குகளையும் கணக்கில் சேர்க்கக் கூடாது.

கழுவ 300 மி.லி. டிஸ்டில்ட் வாட்டர். அதன் மின் கடத்துதிறனை முதலில் அளக்க வேண்டும், மீட்டருக்கு 0.001 சீமென்ஸுக்கு மேல் காட்டினால் அந்தக் கேன் வேண்டாம். கையுறை கட்டாயம், விரல் வியர்வையும் உப்புதானே! மேற்பரப்பையும் அடிப்பரப்பையும் தனித்தனியே கழுவ வேண்டும். மழை எட்டாத அடியில்தான் உப்பு தங்கும்.

ஜூலை 7

கணக்கு. கழுவிய தண்ணீரின் கடத்துதிறனை அளந்து 20 டிகிரிக்குத் திருத்த வேண்டும். நம் ஊர் 30 டிகிரி தண்ணீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கழியும்; இதை விட்டால் முழு அட்டவணையும் பொய். திருத்திய மதிப்பு 0.05 என்றால், 5.7ஆல் பெருக்கி 1.03 படிக்கு உயர்த்த, கன செ.மீ.க்கு 0.274 மி.கி. உப்பு. 300ஆல் பெருக்கி, அடிப்பரப்பு 1,000 சதுர செ.மீ. எனில் அதனால் வகுக்க, சதுர செ.மீ.க்கு 0.082 மி.கி. இதுதான் இ.எஸ்.டி.டி., அதாவது பரப்பில் படிந்த உப்பின் அளவு.

மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிடாமல் வடிகட்டி, தாளை உலர்த்தி எடை போட வேண்டும். கரையாத புழுதி ஈரத்தைப் பிடித்து வைக்கும். பலர் விட்டுவிடும் வேலை இது.

அக்டோபர் 24

மழை பிடித்துவிட்டது. மேற்பரப்பு சுத்தம், அடியில் பாதி கூடப் போகவில்லை.

ஜனவரி 18

பனிக்காலம். உலர்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. விடியற்காலைப் பனியில் கரைந்தால் கசிவு மின்னோட்டம் ஓடும். அந்தச் சூட்டில் சில இடம் மட்டும் காய்ந்து, காய்ந்த பட்டையைத் தாண்டிப் பொறி பறக்கும். பொறிகள் இணைந்தால் ஃப்ளாஷ் ஓவர், அதாவது இன்சுலேட்டரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மின்சாரம் பாய்ந்துவிடும்.

ஆக, ஓராண்டுச் சுழற்சி முழுக்க வேண்டும். பிஹெச்.டி.க்குப் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிப்படி குறைந்தது மூன்று ஆண்டு, அதிகம் ஆறு. கோர்ஸ்வொர்க் என்னும் வகுப்புப் பாடங்கள் குறைந்தது 12 கிரெடிட். ஆய்வு மாணவருக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, அதுவும் ஐந்தாண்டோடு சரி. கோர்ஸ்வொர்க் முடியட்டும் என்று காத்திருந்தால் ஒரு கச்சான் வீண். சேர்ந்த முதல் செமஸ்டரிலேயே சரத்தைக் கட்டிவிட வேண்டும்.

மார்ச் 9

வேலை பற்றி. பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக எம்.இ. போதும், அசோசியேட் ஆகத்தான் முனைவர் பட்டம். ஐ.ஐ.டி.க்குப் பட்டம் கட்டாயம், பெரும்பாலும் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணியான போஸ்ட்டாக்கும் எதிர்பார்ப்பார்கள். கமுதி 648 மெகாவாட் சோலார் மாதிரி இடங்களில் பராமரிப்புக்குப் போக இத்தனை ஆண்டு படிக்க வேண்டாம், பி.இ.யே தாராளம்.

உப்பு அளந்து பழகியவருக்குப் பெங்களூரு சி.பி.ஆர்.ஐ. (மத்திய மின்சக்தி ஆராய்ச்சி நிறுவனம்) போன்ற சோதனைக்கூடங்களும் இன்சுலேட்டர் தொழிற்சாலைகளும் பொருந்தும். உலோக அரிப்பு பக்கம் திரும்பினால் காரைக்குடி செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்). ராய்கர்–புகளூர் 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்ட (டி.சி.) பாதை போன்ற வேலைகளில், ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் கன்வெர்ட்டரின் கட்டுப்பாடு தெரிந்தவருக்கே இடம் அதிகம். அதற்கு இரண்டாம் ஆண்டிலேயே கணினி சிமுலேஷனில் இறங்க வேண்டும். கைடு அளவீட்டுக்காரர் என்றால், ஆய்வை மேற்பார்க்கும் டாக்டோரல் கமிட்டியில் சிமுலேஷன் தெரிந்த ஒருவரையாவது கேட்டு வாங்குவது நல்லது.